நடுவழியில் நிற்கிறவள்

எனக்கு எண்பத்திரண்டு வயது ஆகிறது. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. நாலும் ஆண். ஐந்தாவது, என் நாத்தனார் பெற்றுக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிய பெண். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் ஐந்து என்றுதான் சொல்வேன். நாலும் ஒன்றும் என்று பிரித்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும். கொரோனா வந்து வெளிநாட்டுக்குப் போனவர்களெல்லாம் அங்கங்கே மாட்டிக்கொண்டபோது, உலகத்தில் இப்படி நடந்ததே இல்லை என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு அது ஏற்கெனவே ஒருமுறை வந்து போயிருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷம். வடக்கே சூரத்தில் பிளேக் என்று ரேடியோவில் சொன்னார்கள். எலியிலிருந்து வருகிற நோய். தாம்பரம் ஸ்டேஷனில் ஆட்கள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ரயிலுக்கு நின்றார்கள். கேம்ப் ரோட்டில் மருந்துக்கடை வாசலில் ஏதோ ஒரு மாத்திரைக்கு வரிசை. நான் நாலு மாடு வைத்திருந்தேன். சேலையூர் காலனி வீடுகளுக்குப் பால் ஊற்றுவேன். தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் எலி ஓடினால்கூட அந்த நாளில் அக்கம்பக்கத்தார் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். பாலை இரண்டு கொதி விட்டுக் குடிக்கிறோம் அக்கா என்று ஒருத்தி சொன்னாள். மூன்று கொதி விட்டுக் குடி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் பெண் அப்போது ஷார்ஜாவில் இருந்தாள். மாப்பிள்ளை திருமுடிவாக்கத்துப் பட்டறையில் லேத்து வேலை கற்றவர். அங்கேயே வீடு. கல்யாணமான மறுவருஷம் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போய், விசிட் விசாவில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டார். அங்கே போய்த்தான் அவள் குளிக்காமல் இருந்தாள். தலைப்பிரசவம். ஏழாம் மாதம் புரட்டாசியில் ஊருக்கு அனுப்பிவிடுவது என்று பேச்சு. நல்ல நாள், நல்ல நேரம் எல்லாம் மாப்பிள்ளையின் அம்மாதான் குறித்துக் கொடுத்தாள். என் சம்பந்தி நாளும் நேரமும் பார்க்காமல் அரிசி உலை வைக்கமாட்டாள்.

அந்த நேரத்துக்குச் சரியாக மாப்பிள்ளை வாசலில் சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து, அவளைக் கூட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போனார். போனால் அங்கே கதவைச் சாத்திவிட்டார்கள். இந்தியாவில் பிளேக், இனி இந்தியாவுக்குப் பிளேன் போகாது, அங்கிருந்து இங்கே வரவும் வராது. எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான பேர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்களாம்.

அவள் போகிறாள் என்று நம்பி மாப்பிள்ளை அறையைக் காலி செய்து, அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிடுவதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். அவர் கம்பெனி கேம்ப்புக்குப் போகிற ஏற்பாடு. ஆண்கள் மட்டும் இருக்கிற இடம். கடைசியில் தெரிந்த ஒரு மலையாள நர்ஸ் தன் அறையில் ஒரு கட்டில் கொடுத்தாள். நீட்டி வாங்கிய விசாவும் முடிகிற நாள் நெருங்கிவிட்டது. விசா இல்லாதவளைப் பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரியும் சேர்க்காது என்று அந்த நர்ஸே சொல்லிவிட்டாள். மாதம் ஏற ஏற பிளேனிலும் ஏற்றமாட்டார்கள். என் பெண் அங்கே ஒரு கட்டிலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

இதெல்லாம் எனக்குப் போனில்தான் தெரியும். எங்கள் வீட்டில் போன் இல்லை. காலனியில் நான் பால் ஊற்றுகிற ஒரு டீச்சரம்மா வீட்டில் இருந்தது. ரிட்டயர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ், சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை லீவு என்பதால் வெள்ளி மத்தியானம் மாப்பிள்ளை கூப்பிடுவார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு போய் அவர்கள் ஹாலில் நாற்காலியில் உட்காருவேன். தரையில் உட்கார்ந்ததில்லை. டீச்சரம்மாவும் அப்படி என்னை விட்டதில்லை. மணி அடிக்கிற வரை இரண்டு பேரும் பேசமாட்டோம். அவர்கள் ஜெபம் செய்வார்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஐப்பசி பிறந்தது. இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை வியாழக்கிழமை காலையிலேயே கூப்பிட்டார், டீச்சரம்மா ஆள் விட்டு என்னை வரவழைத்தார்கள். பிளேன் விட ஆரம்பித்துவிட்டார்கள், பம்பாய் போய் மாறவேண்டும், காத்திருக்கிற கூட்டத்தில் எப்படியோ ஒரு சீட் கிடைத்திருக்கிறது, நாளை சாயங்காலத்துக்குள் உறுதி சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும், அப்புறம் அடுத்த மாதம்தான் என்றார். சொல்லவேண்டியதுதானே என்றேன். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அம்மா ஒத்துக்கமாட்டேங்கிறாங்க அத்தை. எட்டாம் மாசம் பொறந்துடுச்சாம். அவங்க வாணாம்னா நான் எப்படி அனுப்புறது?"

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எட்டாம் மாதத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரியை ஊர் விட்டு ஊர் அசைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் அது வெறும் பேச்சாக இல்லை. இந்தப் பெண்ணைப் பெற்றவள் எட்டாம் மாதத்தில்தான், இதே ஐப்பசி மழையில், புருஷன் வீட்டிலிருந்து மாட்டு வண்டியில் எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தாள். ஏழில் வரவேண்டியவள், அறுப்பு முடியட்டும் என்று மாமியார் நிறுத்தி வைத்தாள். வண்டி சேற்றில் இறங்கி ஏறி இறங்கி ஏறி, வழியிலேயே வலி கண்டுவிட்டது. வீட்டுக்குள் நடந்துதான் வந்தாள். பொழுது சாய்கிறதற்குள் போய்விட்டாள். குழந்தை என் மடியில் ஒரு துணிக்குள் இருந்தது. ஒரு கைப்பிடி இருக்கும். பிழைக்காது என்றார்கள்.

அந்தக் கதையைச் சம்பந்திக்குச் சொன்னதும் நான்தான். பெண் பார்க்க வந்த நாளில், பின்னால் யாரோ சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன் என்று சொன்னேன்.

வியாழக்கிழமை மத்தியானமே பஸ் ஏறினேன். பல்லாவரத்தில் மாறி, குன்றத்தூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் திருமுடிவாக்கம். பஸ்ஸில் ஒருவர் இருமினார், இரண்டு பேர் எழுந்து பின்னால் போனார்கள். நான் எழவில்லை. எனக்கு அந்த நோயைப் பற்றி நினைக்க நேரமில்லை. வழியெல்லாம் நான் நினைத்தது மாட்டு வண்டியைத்தான். சீட்டை விடு என்று சொல்லவும் பயம், ஏறு என்று சொல்லவும் பயம். அதுதான் உண்மை. சம்பந்தியோடு சண்டை போடப் போகிறவள் வயிற்றிலேயே சம்பந்தியின் பேச்சு உட்கார்ந்திருந்தது.

சம்பந்தி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"வாங்க சம்மந்தி. பால்காரம்மா இந்த நேரத்துல இம்மாந்தூரம் வந்துகீறீங்க, மாட்ட யாரு பாக்குறது?"

"மாடு நின்னுகினு இருக்கும். பொண்ணுதான் நிக்க முடியாம கீது."

உட்காரச் சொன்னாள். மோர் கொடுத்தாள். எடுத்தவுடனே நான் டாக்டர் கணக்கைச் சொன்னேன். நாம் பங்குனியையும் ஒரு மாதமாகச் சேர்த்து எட்டு என்கிறோம், டாக்டர்கள் வாரத்தைக் கூட்டி இப்போதுதான் ஏழு நிறைந்தது என்கிறார்கள் என்று. டீச்சரம்மா விளக்கிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சம்பந்தி சிரித்துவிட்டாள்.

"ஏழாம் மாசம்னு வளையல் குடுத்து அனுப்பும்போது நம்ப கணக்கு, பிளேன்ல ஏத்தும்போது டாக்டர் கணக்கா? நல்லா கீதே. பால்ல தண்ணி கலக்குற மாதிரி மாசத்துல கலக்குறீங்களே."

என் பாலில் தண்ணீர் இருந்ததில்லை. அவளுக்கும் அது தெரியும். ஆனால் அன்றைக்கு அதற்குப் பதில் சொல்லி நேரத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை. விசாவைச் சொன்னேன். ஆஸ்பத்திரி சேர்க்காது என்பதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் முறத்தை வைத்துவிட்டாள். குரல் இறங்கிவிட்டது.

"அவ அம்மா கதைய எனக்குச் சொன்னதே நீங்கதான். அத்தக் கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. நானா தடுக்குறேன்? நான் பாத்துக் குடுத்த நேரத்துக்கு ஏழாம் மாசத்துல ஒழுங்காப் பொறப்பட்டுதே. பிளேன் இல்லன்னா அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

மோர்ச் சொம்பு என் கையிலேயே நின்றுவிட்டது. புறப்பட்டாள். ஆமாம், புறப்பட்டாள்தானே.

எங்கள் பக்கத்தில் பரஸ்தானம் என்று ஒன்று உண்டு. போகவேண்டிய நாள் நல்ல நாளாக இல்லையென்றால், அதற்கு முன்னால் வருகிற ஒரு நல்ல நேரத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அடுத்தவர் வீட்டில் வைத்துவிடுவோம். பெட்டி வாசல் தாண்டிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டது. பிறகு எந்த நாளில் ஊரைத் தாண்டினாலும் குற்றமில்லை. மறுபடி அந்தப் பெட்டி வீட்டுக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான். என் பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போனபோதெல்லாம் அப்படித்தான் செய்தோம். சம்பந்தியும் தன் மகனை அப்படித்தான் ஷார்ஜாவுக்கு அனுப்பினாள்.

"சம்மந்தி, அவ பொறப்பட்டது எந்த மாசம்?"

"புரட்டாசி. ஏழு."

"சூடம் கொளுத்தி, பெட்டிய எடுத்துகினு, நீங்க குறிச்ச நேரத்துல. அப்பறம் அந்த வூட்டுக்குத் திரும்பிப் போனாளா? இல்லியே. சாவியக் குடுத்தாச்சு. இப்போ யாரோ ஒருத்தி வூட்ல பெட்டியோட குந்திகினு கீறா. அவ பயணம் இன்னும் முடியல. நடுவழியில நிக்கிறா. நிக்கிறவள எட்டாம் மாசத்துல பொறப்படாதேன்னு சொல்றீங்களே, ஏழுலயே பொறப்பட்டவள?"

சம்பந்தியைச் சம்மதிக்க வைக்கத்தான் நான் அப்படிப் பேசினேன் என்று பிள்ளைகள் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சொல்லி முடித்தபோது என் நெஞ்சிலிருந்த வண்டிதான் முதலில் நின்றது. அது எனக்கும் வேண்டியிருந்தது.

சம்பந்தி முறத்தை மறுபடி எடுத்தாள். அவள் லேசில் விடுகிறவள் இல்லை.

"அந்த வாசப்படிய மறுபடி மிதிச்சாளா இல்லியான்னு உங்களுக்குத் தெரியுமா? சாவி குடுக்க யாரு போனது? ஏர்போர்ட்லேருந்து எங்க போனாங்க? உள்ள போயி ஒரு முழுங்கு தண்ணி குடிச்சிருந்தாலும் அந்தப் பயணம் கலைஞ்சுது."

எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் மகன் என்னை நம்பிப் பெண்ணை ஏற்றி, வழியில் ஏதாவது ஆனால் நான் அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். நாளை மத்தியானம் போன் வரும், நீங்களே வந்து கேளுங்கள் என்றேன்.

வந்தாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். டீச்சரம்மா வீட்டு ஹாலில் நாங்கள் இரண்டு சம்பந்திகளும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். சுவரில் ஏசு படம். சம்பந்தி அதற்கும் ஒரு கும்பிடு போட்டாள். வழக்கமான நேரம் தாண்டிப் போய்விட்டது. டீச்சரம்மா போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, உயிர் இருக்கிறது என்று சொல்லி வைத்தார்கள். என் பெண்ணின் சீட்டு எங்கேயோ ஒரு மேஜையில் சாயங்காலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இவள் கேட்டு, அவள் ஆமாம் உள்ளே போனேன் என்று சொல்லிவிட்டால்? இதற்கு மேல் என்னிடம் சொல்ல வேறு பேச்சு இல்லை. நேற்று வரை இல்லாத ஒரு வாசற்படியை நானே கட்டி நடுவில் வைத்துவிட்டேன்.

மணி அடித்தது. நான் எழவில்லை. சம்பந்திதான் எடுத்தாள். மகனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவளைக் கூப்பிடு என்றாள்.

"பாப்பா, நான் அத்தை. கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அன்னிக்கு ஏர்போர்ட்லேருந்து திரும்பி வந்தீங்களே, பழைய வூட்டுக்குள்ள போனியா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. சம்பந்தியின் முகத்தை மட்டும் பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பவும் கேட்டாள்.

"வாசப்படிகூட? நல்லா நெனச்சு சொல்லு. மாடிப்படி?"

பதிலைக் காதில் வாங்கிக்கொண்டாள். பிறகு போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"டாக்சிலயே குந்திகினு இருந்தாளாம். கால் வீங்கிப் போயி எறங்க முடியலியாம். இவன்தான் ஓடிப்போயி சாவியக் குடுத்துட்டு வந்தானாம்."

அப்புறம் மகனைக் கூப்பிட்டு, அனுப்பு என்று ஒரே சொல். எனக்கு அழுகை வரவில்லை. தண்ணீர் கேட்டேன். டீச்சரம்மா போனை வாங்கி, ஏறுகிற இடத்தில் மாதம் கேட்டால் வாரக் கணக்குதான் சொல்லவேண்டும், டாக்டர் கடிதம் கையில் இருக்கவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பாதியில் லைன் அறுந்துவிட்டது. கேட்டாளா இல்லையா, தெரியாது. திரும்ப வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் மீனம்பாக்கத்துக்குப் போனோம். நானும் மூன்றாவது மகனும் ரயிலில் திரிசூலத்தில் இறங்கி நடந்தோம். சம்பந்தி முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். பம்பாயிலிருந்து வருகிற பிளேன் என்பதால் எல்லோர் மூக்கிலும் துணி. வரவேற்க வந்தவர்களும் பத்தடி தள்ளித்தான் நின்றார்கள். பம்பாயிலும் அந்த நோய் இருக்கிறதென்று பேச்சு. அங்கே எத்தனை நேரம் உட்கார்ந்தாளோ, பக்கத்தில் யார் இருமினார்களோ.

பிளேன் இறங்கிவிட்டது என்றார்கள். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பெரிய பெரிய பெட்டிகள், கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டிகள். ஒவ்வொரு பெண் வரும்போதும் வயிற்றைப் பார்த்தேன். கூட்டம் குறைந்தது. தள்ளுவண்டிகள் நின்றன. மகன் உள்ளே போய் யாரிடமோ கேட்டான், பெயரைச் சொல்ல முடியாது என்றார்களாம். பிளேனில் ஏறினாளா இல்லையா என்பதையாவது சொல்லுங்கள் என்று கேட்டான். அதற்கும் வேறு ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். சம்பந்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த வண்டியைப் பற்றித்தான் நினைப்போம்.

கடைசியாக ஒருவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு வந்தாள் என் பெண். செருப்பு இரண்டும் கையில்.

நான் ஓடவில்லை. ஓடினால் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. சம்பந்திதான் முதலில் போய்ப் பிடித்தாள்.

"ராணி மாதிரி வருவேன்னு பார்த்தா செருப்பக் கையில எடுத்துகினு வர்றியே. நல்லா கீறியாடி?"

"கழட்டினது மறுபடி கால்ல ஏறல அத்தை. அதுல கொஞ்ச நேரம் உள்ளயே குந்திட்டேன்."

நான் அவள் வயிற்றில் கையை வைத்தேன். அவ்வளவு பேர் நடுவில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு தள்ளு. நல்ல பலமான தள்ளு.

டாக்சியில் வரும்போது சொன்னாள். ஏறுகிற இடத்தில் எத்தனை மாதம் என்று கேட்டார்களாம். டீச்சரம்மா சொன்னது இவள் காதில் விழவே இல்லை. நம் வீட்டுக் கணக்கு வாயில் வந்துவிட்டது. எட்டு என்று சொல்லிவிட்டாள். எட்டானால் ஏற்றுவதில்லை என்று பெட்டியை இறக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். வழியனுப்பக் கூட வந்த அந்த நர்ஸ்தான் டாக்டர் கடிதத்தை நீட்டி, வாரத்தைக் காட்டி, இவர்கள் ஊரில் மாதத்தை முன்கூட்டியே எண்ணுவார்கள் என்று விடாமல் வாதாடியிருக்கிறாள். எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றாளாம். கதவைச் சாத்துகிற நேரத்தில் ஏற்றிவிட்டார்கள்.

சம்பந்தி முன் சீட்டில் இருந்தாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டு வந்தாள். பல்லாவரம் தாண்டும்போது, அந்த டாக்டர் கணக்கிலும் ஏதோ இருக்கிறது என்றாள். அவ்வளவுதான் அவள் வாயிலிருந்து வந்தது. அதற்கு மேல் நானும் எதிர்பார்க்கவில்லை.

மார்கழியில், தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் பிறந்தது. ஆண் குழந்தை. இரவும் பகலும் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோது எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். நான் உள்ளே போய் அவளைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. பசிக்கிறது என்றாள். அந்த வார்த்தையைக் கேட்கத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவளைப் பெற்றவளிடம் ஒரு வாய் கஞ்சி கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இவளுக்கு ரொட்டியைப் பாலில் நனைத்து நானே ஊட்டினேன். எங்கள் மாட்டுப் பால்.

இதோ, கடைசிப் பேத்தி கல்லூரியிலிருந்து வந்துவிட்டாள். என் எழுத்தை எனக்கே சாயங்கால வெளிச்சத்தில் படிக்க முடியவில்லை. வாடா கண்ணு, கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார். இதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. கோணல் எழுத்தென்று சிரிக்காதே, வேகமாகவும் ஓடாதே. சம்பந்தி பேசுகிற இடத்தைச் சம்பந்தி மாதிரியே படி.